வாடகை வீட்டில் தீ விபத்தா? சாமான் பட்டியலை இன்சூரன்ஸ் கம்பெனி எழுத விடாதீர்கள்

வாடகை வீட்டில் இருந்துகொண்டு வீட்டுச் சாமான்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பிரீமியத்தை ஒருமுறைகூடத் தவறவிடாமல் கட்டி, தீ விபத்து நடந்ததும் உடனே தகவல் சொல்லி, கேட்ட காகிதத்தையெல்லாம் கொடுத்தும், எங்களுக்கு வர வேண்டிய பணத்தில் பெரிய பகுதியை எப்படிக் குறைத்தார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன். க்ளெய்மை அவர்கள் நிராகரிக்கவே இல்லை. நிராகரித்திருந்தால் அன்றைக்கே சண்டைக்குப் போயிருப்போம். "எல்லாம் வந்துடும், நீங்க கவலைப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வரிக்கு வரி குறைத்தார்கள்.

கீழ்வீட்டில் மின்கசிவால் பிடித்த தீ சுவர் வழியாக மேலே ஏறி எங்கள் வீட்டில் ஓர் அறையை முழுசாக எரித்துவிட்டது. மற்ற அறைகளுக்கு நெருப்பு வரவில்லை, ஆனால் புகையும் கரியும் தீயணைப்பு வீரர்கள் அடித்த தண்ணீரும் எதையும் விட்டுவைக்கவில்லை. யாருக்கும் காயமில்லை, அது பெரிய விஷயம். வீட்டு ஓனரிடம் இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் அது கட்டடத்துக்கு. குடியிருப்பவருடைய கட்டிலுக்கும் துணிக்கும் அதிலிருந்து எதுவும் வராது. அதனால் எங்களுக்கு இருந்த ஒரே பிடி எங்கள் சொந்த பாலிசிதான்.

கம்பெனி அனுப்பிய மதிப்பீட்டாளர் ரொம்பக் கனிவாகப் பேசினார். கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். "இருக்கிற நிலைமையில நீங்க லிஸ்ட் எல்லாம் எழுதிக் கஷ்டப்பட வேண்டாம், நானே பார்த்துப் போட்டுடறேன்" என்றார். தூக்கமில்லாமல், மாற்றுத் துணிகூட இல்லாமல் நிற்பவர்களிடம் இப்படி ஒருவர் சொன்னால் யாருக்குமே அது உதவியாகத்தான் படும். அப்புறம் அந்தப் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. 'உடைகள்: 1 அலமாரி. சமையலறைப் பொருட்கள்: கலவையாக. புத்தகங்கள்: 2 அடுக்கு. இதர மின்சாதனங்கள்.' ஒவ்வொன்றுக்கும் எதிரே மொத்தமாக ஒரு தொகை. ஒரு குடும்பம் பல வருடமாகச் சேர்த்த வீடு ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது.

நஷ்டம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. '1 அலமாரி உடைகள்' என்று எழுதினால் அதில் கோட் இருக்கிறதா, கல்யாணத்துக்கு எடுத்த உடை இருக்கிறதா, தினமும் போடும் சட்டை எத்தனை என்று எதுவும் தெரியாது, சராசரியாக ஒரு தொகையைப் போட்டு முடித்துவிடுவார்கள். இழுப்பறைக்குள் இருந்தவை, கதவுக்குப் பின்னால் தொங்கியவை, கட்டிலுக்கு அடியில் இருந்தவை கணக்கிலேயே வராது. துண்டு, போர்வை, தலையணை உறை, திரைச்சீலை, செருப்பு, சார்ஜர், எக்ஸ்டென்ஷன் பெட்டி, கத்தரிக்கோல், மருந்து மாத்திரை என்று தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னதுதான், ஆனால் அத்தனையையும் ஒரே நேரத்தில் புதிதாக வாங்கிப் பாருங்கள், பெரிய சாமான்களுக்குச் சமமாக வந்து நிற்கும்.

அடுத்தது தேய்மானம். பாலிசிகளில் பொதுவாக இரண்டு விதம் உண்டு. ஒன்று, பொருளின் இன்றைய விலையில் பழசானதற்கான தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு தருவது. இன்னொன்று, அதே தரத்தில் புதிதாக வாங்க ஆகும் விலையைத் தருவது, அதாவது ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட். எங்களுடையது இரண்டாவது, அதற்காகக் கூடுதல் பிரீமியமும் கட்டினோம். இந்த வகையிலும் முதலில் தேய்மானம் கழித்த தொகையைத்தான் பெரும்பாலும் தருகிறார்கள். நாம் புதிதாக வாங்கி பில்லைக் காட்டிய பிறகுதான் மீதி வரும், அதற்கும் ஒரு கெடு உண்டு. இந்தக் கெடுவைப் பற்றி அந்தக் கனிவான மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கையில் காசில்லாத குடும்பம் முதல் தவணையை வைத்து வாடகை முன்பணம் கொடுப்பதா, சாமான் வாங்கி பில் சேர்ப்பதா? கெடு தாண்டிவிட்டால் அந்த மீதி கம்பெனியிடமே தங்கிவிடும்.

போதாததற்கு எல்லாப் பொருளுக்கும் ஒரே 50 சதவீதம் கழித்திருந்தார்கள். செருப்புக்கும் 50, கெட்டி மர மேசைக்கும் 50. தேய்மானம் என்றால் அந்தப் பொருளின் வயது, அது இருந்த நிலை, அது சாதாரணமாக எத்தனை வருடம் உழைக்கும் என்பதைப் பார்த்துப் போட வேண்டும். 10 வருடம் உழைக்கும் பொருளை 2 வருடம் பயன்படுத்தியிருந்தால் சுமார் 20 சதவீதம் என்பது ஒரு கணக்கு. எவர்சில்வர் பாத்திரம் 5 வருடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடுமா? எந்தப் பொருளுக்கு என்ன வயது, என்ன ஆயுள் வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று எழுத்தில் கேட்டோம். பதில் வருவதற்குள் எங்கள் கோப்பு வேறொருவர் கைக்கு மாறியிருந்தது, அவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. இது அடிக்கடி நடந்தது.

தையல் மிஷின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நெருப்பு வராத அறையில், உறை போட்டு இருந்தது. 'தீ படவில்லை, துடைத்தால் போதும்' என்று எழுதி அதற்கு எதுவும் தரவில்லை. நன்றாகவே துடைத்து வைத்தோம். கொஞ்ச நாளில் ஊசிக்குக் கீழே இருக்கும் பளபளப்பான தகட்டில் பழுப்புப் புள்ளிகள் வந்தன, பிறகு பாபின் கூடு இறுகியது, கையால் சக்கரத்தைச் சுற்றினால் கரகரவென்று சத்தம். காரணம் மாயமொன்றும் இல்லை. வயர்களின் மேலுறை, தரை விரிப்பு, குழாய் என்று வீட்டில் நிறைய பிவிசி இருக்கிறது. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கரியோடு சேர்ந்து அது உலோகத்தின் மீது படிந்து அரித்துக்கொண்டே இருக்கும். டிவி, கம்ப்யூட்டர், மிக்ஸி எல்லாவற்றுக்கும் இதே கதைதான், இன்று ஓடுகிறது என்பதால் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. படம் எடுத்து அனுப்பி, மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக் கொடுத்த பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஆனால் மாற்றாக அவர்கள் காட்டியது எம்பிராய்டரி போட முடியாத, பிளாஸ்டிக் உடம்போடு இருக்கும் குட்டி மிஷின். பாலிசியில் 'அதே வகை, அதே தரம்' என்று இருக்கும்போது இதை எப்படி ஏற்பது? மாடல் பெயரைத் தேடி எடுத்துக் கொடுத்து அதற்கும் ஒரு சண்டை.

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் துணி விஷயத்தில்தான். கம்பெனி சொல்லி அனுப்பியதாக ஒரு சுத்தம் செய்யும் நிறுவனத்தார் வந்து, மூட்டை மூட்டையாகத் துணி, விரிப்பு, மெத்தை உறைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். "இதெல்லாம் இன்சூரன்ஸே பார்த்துக்கும்" என்றார்கள். திரும்பி வந்த துணியில் புகை நாற்றம் அப்படியே இருந்தது, கையில் எடுத்தால் விரல் கறுத்தது. அதைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. பிறகு கணக்கு வந்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சுத்தம் செய்த பில் முழுவதையும் எங்கள் சாமான்களுக்கான உச்சவரம்பிலிருந்தே, அதாவது பாலிசி அதிகபட்சமாகத் தரும் தொகையிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். கவனியுங்கள், புதுத் துணி வாங்க வைத்திருந்த பணத்தை, உபயோகப்படாத துணியைத் துவைக்கக் கொடுத்துவிட்டு, மீதி இவ்வளவுதான் இருக்கிறது என்றார்கள். மூட்டை கட்டும்போது எங்களிடம் யாரும் விலை சொல்லவில்லை, சம்மதமும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்கு அப்படி ஆள் வந்தால், ஒரு துணியை எடுப்பதற்கு முன் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: மொத்தச் செலவு எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து போகிறது, நாற்றம் போகாவிட்டால் பில் யார் தலையில். வாங்கியதைவிடத் துவைக்க அதிகம் ஆகும் துணியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நகையிலும் இதே மாதிரி ஒன்று. நகைக்குத் தனி உச்சவரம்பு உண்டு என்று சொல்லி, உருகிப்போன சங்கிலிக்குக் கொஞ்சம்தான் போட்டார்கள். பாலிசியின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து படித்தோம். அந்த வரம்பு 'திருட்டினால் ஏற்படும் இழப்புக்கு' என்று தெளிவாக எழுதியிருந்தது. எங்களுக்கு நடந்தது தீ. அந்த வரியைக் கோடு போட்டு அனுப்பிய பிறகு சத்தமில்லாமல் தொகையை மாற்றினார்கள், ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. பல பாலிசிகளில் நகை வரம்பு இப்படித் திருட்டுக்கு மட்டும்தான் இருக்கும், அதனால் உங்களுடையதில் என்ன வாசகம் என்று பாருங்கள். சுருக்கப் பக்கத்தை நம்பாதீர்கள், முழுப் பிரதி வேண்டும்.

பட்டியலை நாங்களே திரும்ப எழுதினோம். அறை அறையாக, அலமாரி அலமாரியாக, ஒரு பொருளுக்கு ஒரு வரி: என்ன பொருள், எந்த மாடல், எப்போது வாங்கியது, இன்று அதே தரத்தில் வாங்க என்ன விலை. பில் எரிந்துபோனது என்று சோர்ந்துவிட வேண்டாம், ஆன்லைனில் வாங்கியதெல்லாம் மின்னஞ்சலில் இருக்கும், கார்டில் வாங்கியது வங்கிக் கணக்கில் இருக்கும். பிறந்தநாள் படங்களில் கேக்கைப் பார்க்காதீர்கள், பின்னால் இருக்கும் சோபாவையும் திரைச்சீலையையும் பாருங்கள். நம் வீட்டுக்கு வந்துபோன உறவினர்களின் போனில் நம்மிடம் இல்லாத படங்கள் இருக்கும். எரிந்த சாமான் எதையும் படம் எடுக்காமல், கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் குப்பைக்குப் போட வேண்டாம். சூடும் புகையும் பட்ட மருந்தையும் உணவையும் மட்டும் பயன்படுத்தவே கூடாது, படம் எடுத்துவிட்டு ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அவர்கள் குறைக்கிறார்களே என்று நாம் கூட்டி எழுதக் கூடாது. இழப்பு விவரத்தை உறுதிமொழியோடு கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கிறோம். இல்லாத ஒரு பொருளைச் சேர்த்தால், மோசடி என்ற ஒரே காரணத்தைக் காட்டி உண்மையான க்ளெய்ம் முழுவதையும் தள்ளுபடி செய்ய பாலிசியிலேயே அவர்களுக்கு இடம் இருக்கிறது. ஏற்கெனவே அடி வாங்கியவருக்கு அது தேவையா?

தற்காலிகமாக வேறு இடத்தில் தங்கும் செலவையும் கேளுங்கள், அது பெரும்பாலான பாலிசிகளில் உண்டு, ஆனால் வழக்கமான செலவுக்கு மேல் ஆகும் வித்தியாசம்தான் வரும். இதையும் நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

எல்லாப் பேச்சும் எழுத்தில் இருக்கட்டும். போனில் பேசினால், வைத்த கையோடு 'இன்று நீங்கள் சொன்னது இது' என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், ஆள் மாறும்போது அதுதான் பேசும். காசோலையோடு வரும் காகிதத்தில் 'முழுமையான இறுதித் தீர்வு' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'நீங்கள் மறுக்காத தொகையை முதலில் கொடுங்கள், மீதியைப் பற்றி அப்புறம் பேசலாம்' என்று கம்பெனியிடம் கேட்கலாம், எங்களுக்கு அப்படித்தான் முதல் பணம் வந்தது. ஒத்துவராவிட்டால் உங்கள் ஊரில் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பிடம் புகார் கொடுங்கள். நாங்கள் கொடுத்தோம். அதுவரை வாரக்கணக்கில் பதில் எழுதாதவர்கள் அதன் பிறகு தாங்களாகவே கூப்பிட்டார்கள்.

நகையும் தையல் மிஷினும் சரியாகிவிட்டன, தேய்மானத்தைப் பொருளுக்குப் பொருள் திரும்பக் கணக்குப் போட்டதில் கணிசமான தொகை கூடியது. துணி துவைத்த பில்லை எங்கள் வரம்பில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்ற புகார் இன்னும் முடியவில்லை. இதே மாதிரி சுத்தம் செய்த செலவைக் கழித்து, பிறகு திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எந்த வாசகத்தைக் காட்டி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள், எங்களுக்கு அது இப்போது தேவைப்படுகிறது.