பழைய சோனி ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: "கம்ப்யூட்டர் ஐசி போச்சு" என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

சோனி ஐசிஎஃப்-2001டி என்ற சிற்றலை ரேடியோவை வைத்திருப்பவர்கள் (அமெரிக்காவில் ஐசிஎஃப்-2010 என்று விற்றதும் இதேதான்), அதிலும் துபாய், சிங்கப்பூரிலிருந்து அப்பாவோ மாமாவோ கொண்டுவந்த செட்டை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள், இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். சென்னையில் ஒரு ரிப்பேர் கடை என்னிடம் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, மாற்றாத கம்ப்யூட்டர் ஐசியை (ரேடியோவைக் கட்டுப்படுத்தும் சிப்) மாற்றியதாகச் சொல்லி, செட்டுக்குள் ஒரு ஒட்டுவேலையும் செய்து கொடுத்திருக்கிறது.

எங்கள் செட்டில் வந்த கோளாறு இதுதான்: பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை, டிஸ்ப்ளே வெறுமையாக இருந்தது, அடாப்டர் போட்டாலும் அதே கதை. கடைக்காரர் பின்பக்கத்தைக் கழற்றிச் சிறிது நேரம் பார்த்தார். "கம்ப்யூட்டர் ஐசி போச்சு சார், இதெல்லாம் இப்போ எங்கேயும் வராது, பழைய செட்லேர்ந்து எடுத்துத்தான் போடணும்" என்றார். 1985இல் வந்த மாடல், கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தை எடுத்து வைக்கிறார்கள்.

ஆனால் இந்த செட்டில் மின்சாரம் இரண்டு வழியாகப் போகிறது. ரேடியோ ஓடுவதற்கு மூன்று பெரிய செல், அதாவது 4.5 வோல்ட், இல்லையென்றால் அடாப்டர். கடிகாரம், டிஸ்ப்ளே, 32 நிலையங்களின் நினைவகம், பட்டனை அழுத்தினால் புரிந்துகொள்ளும் அந்தச் சின்ன கம்ப்யூட்டர், இவற்றுக்குத் தனியாக இரண்டு பென்சில் செல். அந்தப் பென்சில் செல் தீர்ந்துபோனாலோ, அதன் ஸ்பிரிங்கில் களிம்பு ஏறித் தொடர்பு விட்டுப்போனாலோ, பெரிய செல் மூன்றும் புத்தம் புதிதாக இருந்தாலும் செட் ஆன் ஆகாது. பார்ப்பவருக்கு ஐசியே செத்துவிட்டது போலத்தான் தெரியும்.

சரி, செட் திரும்பி வந்தது, பாடியது. அப்புறம் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போய்விட்டது, அப்பா பார்த்துப் பார்த்துப் பதிந்து வைத்திருந்த அலைவரிசைகள் மொத்தமும் போய்விட்டன. பிபிசி தமிழோசை சிற்றலையில் நின்று வருடங்கள் ஆகிவிட்டன, அந்த எண்களால் இன்று யாருக்கும் பயனில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அவை வேண்டும். கடையில் கேட்டபோது, "மெமரி பழசு சார், அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார்கள்.

ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் திறந்து பார்த்தார். கம்ப்யூட்டர் ஐசியின் கால்களில் கம்பெனியில் வைத்த ஈயம் அப்படியே இருக்கிறது, சூடு பட்ட அடையாளமே இல்லை, பழைய தூசு கூடக் கலையவில்லை. பென்சில் செல் அறையில் நெகட்டிவ் பக்கத்து ஸ்பிரிங் களிம்பில் அரித்து முறிந்திருந்தது. அதைச் சரி செய்வதற்குப் பதிலாக, அடாப்டர் ஜாக்கிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, வரிசையாக இரண்டு டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் சின்ன பாகம்) போட்டு, மெமரிக்குப் போகும் தடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு டயோடுக்கு 0.7 வோல்ட் விழும் என்பது கணக்கு, 4.5இல் 1.4 போனால் 3.1, இரண்டு பென்சில் செல்லுக்குச் சமம். வேலை செய்யத்தான் செய்யும். ஆனால் அடாப்டர் பின்னைச் செருகியதும் அந்த ஜாக் உள்ளே இருக்கும் பெரிய செல்லைத் துண்டித்துவிடும். அப்போது கரண்ட் போனால் மெமரிக்கு எங்கிருந்தும் மின்சாரம் வராது, அதுதான் எல்லாம் அழிந்துபோனது. இதைவிடக் கோபம் வரவைக்கும் விஷயம், செட் ஆஃபில் இருக்கும்போது மெமரி எடுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம், அப்போது டயோடில் 0.7 முழுதாக விழாது. அதனால் 3 வோல்ட்டில் ஓடவேண்டிய ஐசிக்கு எந்நேரமும் கூடுதல் வோல்ட் போய்க்கொண்டிருந்தது. நன்றாக இருந்த ஐசியைக் கெடுப்பதற்கான ஏற்பாடு அது.

டயோடுகளைப் பிடுங்கிவிட்டு, பழைய ரிமோட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங் எடுத்து வைத்துச் சால்டர் செய்தார் நண்பர். இப்போது கரண்ட் போனாலும் மெமரி நிற்கிறது.

அதனால் கடைக்குப் போகும் முன் பென்சில் செல் இரண்டையும் புதிதாகப் போட்டு, ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஆல்கலைன் செல் கசிந்த வெள்ளைப் பொருக்கு என்றால் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து காயவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் செல் உள்ளே இருக்கும்போதே ஸ்பிரிங்கிலிருந்து போர்டுக்குப் போகும் கம்பியில் அளந்து பாருங்கள், 3 வோல்ட் வரவேண்டும். செல்லில் 3 வோல்ட் இருந்தும் கம்பியில் வரவில்லை என்றால் கோளாறு அங்கேதான். அடாப்டரையும் அளக்க வேண்டும். தெருவில் விற்கும் சுவிட்ச் வைத்த மலிவு அடாப்டர்கள் பல, 4.5 என்று வைத்தாலும் எதிலும் இணைக்காமல் லோடு இல்லாதபோது 7 வோல்ட்டுக்கு மேல் காட்டும். பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதைச் செட்டிலேயே போட்டிருக்கும் குறியைப் பார்த்து ஒப்பிட்ட பிறகே செருகுங்கள்.

இன்னொன்று. எஃப்எம் நன்றாகக் கேட்டு, சிற்றலையும் மத்திய அலையும் மட்டும் மந்தமாகிவிட்டால், இந்த மாடலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது க்யூ303 என்ற எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்). வெளி ஏரியலில் வரும் நிலைமின்சாரத்தில் அது போய்விடும், சின்ன பாகம்தான். "காயில் எல்லாம் மாத்தணும், அலைன்மென்ட் போயிருச்சு" (அலைவரிசைக்கு ஏற்றபடி செய்த டியூனிங் மாறிவிட்டது) என்று சொல்லி யாராவது திருப்புளியோடு உள்ளே கை வைக்க வந்தால் விடவே விடாதீர்கள், காயில்களின் திருகுகளைக் கண்டபடி திருப்பிவிட்டால் கருவிகள் இல்லாமல் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

கழற்றிய ஐசியைக் கொடுங்கள் என்று கடையில் கேட்டேன். தூக்கிப் போட்டாச்சு என்றார்கள். செட்டின் உள்பக்கப் படங்களைக் காட்டினேன், "அதான் வேலை செய்யுதே சார்" என்றார்கள். பில்லில் "ரேடியோ சர்வீஸ்" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, ஆனாலும் தேதியும் தொகையும் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், அதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் கொடுக்கும்போது, எந்த ஐசி, என்ன நம்பர், கழற்றியதைத் திருப்பித் தருவோம் என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். எழுதித் தர மறுத்தால் செட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.