ஒழுகுவது எங்கே? வாட்டர் பம்பை மாற்றும் முன் ஓர் ஒப்பீடு

குற்றாலச் சாரலுக்குப் போகும் கூட்டத்தோடு ஆலங்குளம் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டை விட்டு மேலே ஏறியது. ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டு ஓரம் கட்டினேன். உள்ளே இருந்தவர்கள் வியர்வையில் குளித்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் ஹீட்டர்தான் எஞ்சினுக்கு இரண்டாவது ரேடியேட்டர். பாட்டிலில் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், அடிக்கோட்டுக்கும் கீழே கிடந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் ஒரு பட்டறையில் ‘ரேடியேட்டர் ஓட்டை’ என்று சொல்லிப் புது ரேடியேட்டர் மாட்டியிருந்தார்கள்.

பிறகு பாளையங்கோட்டையில் வேறொரு மெக்கானிக் டார்ச்சை அடித்துக் காட்டினார். “அண்ணாச்சி, மேலே பார்க்காதீர்கள், பெல்ட் மூடிக்குக் கீழே பாருங்கள்.” மூடியின் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு உப்புப் படிவு, காய்ந்துபோன கோலம் போல ஒட்டியிருந்தது. கூலண்டை எஞ்சினுக்குள் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். அதில் கசிவைத் தடுக்கும் சீலுக்கும், அச்சைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சிறிய துளை வைத்திருப்பார்கள். சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங்குக்குள் புகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரும். பம்ப் நமக்கு எழுதும் கடிதம் அது. பழைய பம்பில் லேசான கறை இருந்தால் பயமில்லை. ஈரக்கோடு ஓடினால் கதை முடிந்தது.

எந்தப் பம்ப் நல்லது என்று கேட்பவர்களிடம், கசிவை எதைக் கொண்டு கண்டுபிடித்தார்கள் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.

செலவில்லாத வழி அட்டை. அல்வாக் கடைக் காலண்டரின் அட்டையை வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி இரவு வண்டிக்கு அடியில் வைத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் சொட்டு காய்ந்து தடம் மங்கிவிடும். முன்சீட்டுப் பக்கம் நிறமில்லாத தண்ணீர் சொட்டினால் அது ஏ.சி. நீர், அதற்காக யாரும் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டாம். பச்சையோ இளஞ்சிவப்போ இருந்து, விரலில் கொஞ்சம் வழவழத்து, இனிப்பு வாடை அடித்தால் கூலண்ட். வாடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. தெருநாய் நக்கினால் இறந்துவிடலாம். தரையில் சிந்தியதைக் கழுவித் துடைப்பது நம் கடமை.

அட்டை ‘ஒழுகுகிறது’ என்று மட்டும் சொல்லும், எங்கிருந்து என்று சொல்லாது. சொட்டு எஞ்சினின் ஒரு மூலையில் பிறந்து, விளிம்பு வழியே நடந்து, வேறு மூலையில் விழும். என் ரேடியேட்டர் பலியானது அப்படித்தான்: பம்பில் கசிந்தது ஓடும்போது காற்றில் சிதறி, ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியில் போய் ஒட்டியிருக்கிறது.

இதற்கு அடுத்த வழி பிரஷர் டெஸ்டர். சைக்கிள் பம்பு போன்ற ஒரு கைப்பம்பு, அதில் ஒரு மீட்டர். எஞ்சின் முழுக்க ஆறியபின் ரேடியேட்டர் அல்லது கூலண்ட் பாட்டிலின் மூடியைக் கழற்றி, அதே வாயில் இதை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை அடிக்க வேண்டும். பல கார்களில் அது 1 பாருக்குச் சற்று மேலே இருக்கும். பதினைந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். முள் இறங்கினால் கசிவு உண்டு. எஞ்சின் ஓடாததால் விசிறியும் சூடும் ஏமாற்றாது, ஈரம் பிறக்கும் இடத்திலேயே தெரியும். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் கால்மிதியைத் தொட்டுப் பாருங்கள், காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஒழுகலாம். அதுவும் காய்ந்திருந்தால், எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். மூடியையும் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் தளர்ந்த மூடியால் எஞ்சின் கொதித்த வண்டிகள் நிறைய.

மூன்றாவது வழி, புறஊதா விளக்கில் ஒளிரும் சாயம். சூடானால் மட்டும் கசியும் வண்டிக்கு, ஆறிய எஞ்சினில் செய்யும் அழுத்தச் சோதனை பதில் தராது. சாயத்தை ஊற்றி இரண்டு நாள் ஓட்டினால் தடம் கிடைக்கும். மற்றவர்களுக்கு டெஸ்டரே போதும். அது இல்லாத பட்டறையில் ‘பம்ப் போய்விட்டது’ என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது எவ்வளவு பெரிய பலகை மாட்டிய இடமாக இருந்தாலும் சரி.

ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டி ஓட்டையை அடைக்கும் வைத்தியம் லாரிக்காரர்கள் காலத்தது. டப்பாவில் விற்கும் அடைப்பு மருந்து அதன் பேரன். ரேடியேட்டரின் மயிரிழை ஓட்டையோடு வள்ளியூரிலிருந்து திருநெல்வேலி வரை வந்து சேர உதவலாம். பம்பின் கசிவோ சுழலும் அச்சைச் சுற்றி வருவது, தூள் அங்கே நிற்காது. தப்பித்த தூள் ரேடியேட்டரின் சிறு குழாய்களிலும் ஹீட்டர் கோரிலும் போய் உட்காரும்.

இனி மாற்றுவது. இங்கே கம்பெனி சர்வீஸா, உள்ளூர்ப் பட்டறையா, நாமே செய்வதா என்பது பம்பை எது சுழற்றுகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்விஃப்ட் போன்ற கார்களில் வந்த 1.3 லிட்டர் டீசலில், வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாமல் ஓடவைப்பது டைமிங் செயின் என்ற சங்கிலி. பம்ப் வெளிப்பெல்ட்டில் ஓடுகிறது. கைப்பழக்கம் உள்ளவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம், உள்ளூர்ப் பட்டறைக்கு அரைநாள் வேலை. டஸ்டர், லோகன் ஆகியவற்றின் 1.5 லிட்டர் டீசலில் அந்தச் சங்கிலியின் வேலையைச் செய்யும் டைமிங் பெல்ட்தான் பம்பையும் சுழற்றுகிறது. அதைக் கழற்றி மாட்டும்போது குறி ஒரு பல் தவறினாலும் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. எஞ்சினைப் பூட்டிவைக்கும் ஊசிகள் இல்லாதவர் அதில் கைவைக்கக் கூடாது, நானும் வைக்கவில்லை.

என் வண்டி இரண்டாவது வகை. கம்பெனி சர்வீஸில் 19,000 ரூபாய் மதிப்பீடு தந்தார்கள். பாளையங்கோட்டைப் பட்டறையில் பம்ப், பெல்ட் கிட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 11,500. பூட்டு ஊசிகளை எடுத்துக் காட்டச் சொன்னேன். துணியில் சுற்றி வைத்திருந்தார், காட்டினார். அங்கேயே விட்டேன். வண்டி வாரண்டியில் இருந்திருந்தால் மறுபேச்சில்லாமல் கம்பெனிக்கே போயிருப்பேன்.

டைமிங் பெல்ட் வகையில் பம்பை மட்டும் மாற்றிப் பழைய பெல்ட்டை மாட்டுவது கஞ்சத்தனம்கூட இல்லை, கணக்குத் தெரியாமை. கூலியின் பெரும்பகுதி திறந்து மூடுவதற்கே போகிறது. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் மூன்றும் ஒரே முறை. அசல் பம்புக்கும், பெயர் பெற்ற பாகத் தயாரிப்பாளரின் பம்புக்கும் இடையே இரண்டாவதையே எடுத்தேன், விலை பாதி. பெயரில்லாத பெட்டியில் வருவதை மட்டும் தொடுவதில்லை. கையால் அச்சைச் சுற்றிப் பார்த்தால் சொரசொரப்பு தெரியும். அசைத்தால் ஆட்டம் தெரியும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பம்பை வாங்குவதற்குப் பழைய பல்செட் வாங்கலாம்.

கடைசியாகத் தண்ணீர். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்துக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உப்பு ஏறிய போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து குழாய்கள் சுருங்கும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும், படிவுத் துகள் பம்பின் சீலைத் தேய்க்கும். தாமிரபரணித் தண்ணீர் அதைவிட எவ்வளவோ மேல் என்று என் மாமா அடித்துச் சொல்வார். குடிக்க, சரிதான். எஞ்சினுக்கு அதுவும் வேண்டாம், பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். அதையும் கூலண்ட் கலக்காமல் ஊற்றினால் துருவைத் தடுக்கும் மருந்து இல்லாமல் போகும், கொதிநிலையும் குறையும். பாதிக்குப் பாதி கலப்பது எளிது; கலந்தே வருவது அதைவிட எளிது, கொஞ்சம் விலை கூட. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. காரின் கையேட்டில் போட்டிருக்கும் தரக்குறியைப் பாருங்கள். சேராத இரண்டு வகை கலந்தால் கூழாகிவிடலாம்.

வேலை முடிந்ததும் ஹீட்டரைச் சூட்டில் வைத்து, காற்றுக்குமிழி போகும்வரை எஞ்சினை ஓடவிட்டார்கள். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் பாட்டிலின் மட்டத்தை மார்க்கரால் கோடிட்டேன். முதல் வாரத்தில் ஒரு விரற்கடை இறங்கியது. உள்ளே மிஞ்சியிருந்த காற்று வெளியேறியிருக்கிறது. ஊற்றிச் சரிசெய்தேன். அதற்குப் பிறகு காரையாறு மலைப்பாதையில் ஏறி வந்தும் கோடு அப்படியே நிற்கிறது. நல்ல நிலையில் கழற்றிய என் பழைய ரேடியேட்டர் மட்டும் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது.