பப்ளிக் ஐபி: பிரிட்ஜா, நேட்டா, /30 பிளாக்கா, பிபிபிஓஇயா?

கேமராவை வெளியிலிருந்து பார்க்கணும், ஆபீசுக்கு விபிஎன் போடணும் என்று பப்ளிக் ஐபி (வெளி இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய முகவரி) கேட்பவர்கள், டவர் வைத்து இணைய இணைப்பு கொடுக்கும் எங்கள் வயர்லெஸ் நெட்வொர்க்கில் சில டஜன் பேர்தான். அவர்களுக்காக நான்கு வழிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டு இப்போது பிபிபிஓஇயில் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து டயல் செய்து இணையும் முறை) நிற்கிறேன்.

எல்லா டவரையும் ஒரே பிரிட்ஜாக்குவது, அதாவது எல்லோரையும் ஒரே லோக்கல் நெட்வொர்க்கில் போடுவது, அரை நாள் வேலை. யாராவது ஒருவர் தன் ரவுட்டரின் லேன் போர்ட்டில் நம் கேபிளைச் செருகும் வரை நன்றாக ஓடும். அப்புறம் அக்கம்பக்கத்துக்கெல்லாம் அந்த ரவுட்டர்தான் ஐபி கொடுக்கும். வெளி இணையத்தைத் தொடும் எட்ஜ் ரவுட்டரில் ஒன்றுக்கு ஒன்று நேட் போட்டால், அதாவது ஒரு பப்ளிக் ஐபியை ஒருவருடைய உள் முகவரிக்கு மாற்றிவிட்டால், கேமராவுக்குப் போதும். சிப் ஃபோன் (இணையம் வழியாகப் பேசுவது) வைத்திருப்பவர் மட்டும் அழைப்பு சரியாக வரவில்லை என்று விடாமல் கூப்பிடுவார்.

/30 பிளாக், அதாவது ஆளுக்கு நான்கு முகவரி கொண்ட தனித் துண்டு, ஒழுங்கான வழிதான். ஆனால் நான்கு முகவரி செலவழித்து ஒருவருக்கு ஒன்று. ஒரு /24-இல் (256 முகவரி) 64 பேரோடு சரி. /31 (இரண்டு முகவரி) போட்டால் 128 பேர், அதை ஏற்காத ரவுட்டர்களும் உண்டு.

நான் /30-ஐக் கைவிட்டது அதனால்கூட இல்லை, டவர் மாற்றத்தால். நடுவில் மரம் வளர்ந்துவிடும், புதுக் கட்டடம் எழும்பும். ஆன்டெனாவை வேறு டவர் பக்கம் திருப்பியாக வேண்டும். பிளாக்கோ பழைய டவரின் ரவுட்டரில் கிடக்கும். புது ஐபி கொடுத்தால் அவருடைய விபிஎன், டிஎன்எஸ், ஃபயர்வால் விதி எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அந்த ஃபோன் முக்கால் மணி நேரம் ஓடும்.

பிபிபிஓஇயில் முகவரி டவரோடு ஒட்டுவதில்லை, யூசர்நேமோடு ஒட்டுகிறது. டவருக்கு ஒரு கான்சன்ட்ரேட்டர் (டயல் செய்பவர்களை ஏற்கும் ரவுட்டர்), நடுவில் ஒரு ரேடியஸ் சர்வர் (யூசர்நேமைச் சரிபார்த்து ஐபி சொல்வது). எந்த டவரில் டயல் செய்தாலும் ரேடியஸ் அதே ஐபியைக் கொடுக்கும், ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை) அந்த /32-ஐ, அதாவது அந்த ஒற்றை முகவரியை, மற்ற ரவுட்டர்களுக்குச் சொல்லிவிடும். ஆன்டெனாவைத் திருப்பினால் வேலை முடிந்தது. ஒரு /24-இன் 256 முகவரியையும் கொடுக்கலாம். கூடுதல் பிளாக் கேட்பவருக்கு ரேடியஸிலேயே ஒரு ரூட் சேர்த்தால் போதும்.

இதற்கு விலையும் உண்டு. பாக்கெட்டுக்கு 8 பைட் போய், எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1500-இலிருந்து 1492 ஆகிவிடும். எம்எஸ்எஸ் கிளாம்ப் (அந்த அளவுக்குள் அடங்கும்படி டிசிபி இணைப்புகளின் பாக்கெட்டைச் சுருக்கும் விதி) போட மறந்தால் சில தளங்கள் பாதி திறந்து நிற்கும். நான் மறந்தேன், ஒரு வாரம் ரேடியோவைத் திட்டிக்கொண்டிருந்தேன். செக்டர் (டவரில் ஒரு திசையைக் கவனிக்கும் ஆன்டெனா) ஒன்று விழுந்து எழும்போது /32-கள் மொத்தமாக வந்துபோவதும் தெரியும். எங்கள் அளவுக்கு அது தொல்லையில்லை. ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர்கள் என் பேச்சை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

தங்கள் ஃபயர்வாலில் பிபிபிஓஇ போட மாட்டோம் என்று அடம்பிடித்த இரண்டு ஆபீஸ்கள் மட்டும் இன்னும் /30-இல்தான் இருக்கின்றன. அந்த இரண்டு டவர் பக்கமும் மரம் வளராமல் இருந்தால் சரி.