முதல் சிந்தசைசர்: ஜூனோவா, கிராஸா, எம்எக்ஸா?

ஸ்டைல் பட்டனை அமுக்கினால் தாளம் தானாக ஓடும் கீபோர்டில் பழகியவர், சிந்தசைசரில் கை வைத்த முதல் நாள் திகைக்கத்தான் செய்வார். இங்கே முழுப் பக்கவாத்தியம் கூட ஓடி வராது. ஒலியைத்தான் செதுக்க வேண்டும். 61 கீ உள்ளவற்றில் ரோலண்ட் ஜூனோ டிஎஸ்61, கோர்க் கிராஸ் 2, யமஹா எம்எக்ஸ்61 மூன்றும் தொடங்க ஏற்றவை.

சேலத்தில் ஆடி மாதக் கச்சேரிகளுக்குப் போவீர்கள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம். ஜெனரேட்டர் ஒரு நொடி தடுமாறினால் எம்எக்ஸ் அணைந்துவிடும். அதற்குப் பேட்டரி வசதியே இல்லை. ஜூனோவில் ஏஏ அளவில் 8 ரீசார்ஜ் பேட்டரிகள் போடலாம். கடையில் கிடைக்கும் அல்கலைனைப் போடாதீர்கள்: ரீசார்ஜ் வகை எட்டும் சேர்ந்தால் 9.6 வோல்ட், அல்கலைன் என்றால் 12. கிராஸுக்கு 6 போதும். அடாப்டரிலும் கவனம் வேண்டும். ஜூனோவுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். எம்எக்ஸுக்கு 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். ஒன்றுக்கு மற்றதைச் செருகினால் போர்டே போய்விடும்.

எடையில் கிராஸ் 3.8 கிலோ, எம்எக்ஸ் 4.8, ஜூனோ 5.3. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் வாசித்துவிட்டு அன்றே திரும்புபவர் தோளுக்குக் கிராஸ்தான் சுகம். மேலே பனிமூட்டத்தில் குளிர்ந்துபோனதைக் கீழே இறங்கியதும் பையிலிருந்து எடுத்து ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த பலகைமேல் சூடான ஈரக்காற்று பட்டால் உள்ளே நீர் கோக்கும். குளிர் விடும்வரை பையிலேயே இருக்கட்டும்.

மேடைக்கு எங்கள் ஓட்டு ஜூனோவுக்கே. ஸ்பிளிட் (இடப்பக்கம் ஓர் ஒலி, வலப்பக்கம் ஓர் ஒலி), டூயல் (ஒரே கீயில் இரண்டு ஒலி) இரண்டுக்கும் தனி பட்டன், விரலால் தட்டி ஒலிக்க வைக்கும் 8 பேட், மைக் செருகினால் குரலுக்கு ரிவெர்ப் என்ற எதிரொலி. சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டும் ஒலியை அசைக்கும் மாடுலேஷனும் ஒரே லீவரில் இருப்பதால் நாதஸ்வர ஒலியில் கமகம் இழுக்கும்போது இடது கை இடம் மாற வேண்டாம். மற்ற இரண்டிலும் தனித்தனி சக்கரம்.

வீட்டில் கம்ப்யூட்டரோடு பாட்டு அமைப்பவருக்கு எம்எக்ஸ் நல்ல பேரம்: யமஹாவின் பெரிய சிந்தசைசரான மோட்டிஃப் எக்ஸ்எஸ் வழி வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிகள், ஒரே யூஎஸ்பி கேபிளில் ஆடியோவும் மிடியும் (எந்தக் கீயை எப்படி அழுத்தினீர்கள் என்ற தகவல்). சொந்த ஒலியைப் பதிவுசெய்து வாசிக்க மட்டும் அதில் வழியில்லை. அதற்குக் கிராஸ், அல்லது வேவ் கோப்பு ஏற்றும் ஜூனோ.

எதை வாங்கினாலும் முதல் நாள் தவறுகள் ஒரே மாதிரிதான். மிதித்தால் ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலைச் செருகிவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள், பெடலில் கால் இருக்கக் கூடாது. காலை எடுத்தால் ஒலி நீண்டு, மிதித்தால் அறுந்தால், பெடலின் அடியில் போலாரிட்டி ஸ்விட்ச் இருந்தால் அதைத் திருப்புங்கள். மிக்ஸரில் ஒரே சேனல்தான் காலி என்றால் எல்/மோனோ ஜாக்கில் மட்டும் வயர். ஆர் மட்டும் போட்டால் பியானோ பாதியாகிவிடும். பாடுபவர் ஐந்தரைக் கட்டை என்றால் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றம்) -4. சி கீயில் ஜி ஷார்ப் வரும். மாற்றிய ஒலியை ரைட் அல்லது ஸ்டோர் செய்யாமல் அடுத்த ஒலிக்குப் போனால் உழைப்பு போச்சு.

பழையது வாங்கினால் 61 கீயையும் ஒவ்வொன்றாக, மெதுவாகவும் அழுத்தியும் தட்டிப் பாருங்கள். எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் ஒரு கீ முழுச் சத்தத்தில் அலறினால், அடியிலுள்ள ரப்பர் கான்டாக்டில் தூசி. அது சுத்தம் செய்தால் சரியாகும். அந்தக் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.