ஜிடி-ஆருக்கு பிரேக் வேலை பார்த்தேன், கேலிப்பரைத் தொடவில்லை

பெரிய பிரேக் கிட்டுக்கு (பெரிய டிஸ்க்கும் கேலிப்பரும் சேர்ந்த செட்) முன்பணம் கட்டப் போகிறவர்கள் ஒரு வாரம் பொறுத்து, இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். என்னிடம் இருப்பது 2017 மாடல் நிஸான் ஜிடி-ஆர், பிஒய் (புதுச்சேரி) பதிவு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 3.8 லிட்டர் வி6, இரண்டு டர்போ, 570 பிஎஸ். முன்னால் 390 மில்லிமீட்டர் டிஸ்க், ஆறு பிஸ்டன் பிரெம்போ கேலிப்பர், அதாவது உராய்வுக் கட்டையான பேட்டைப் பிஸ்டனால் டிஸ்க்கில் அழுத்துகிற இடுக்கி. பின்னால் 380 மில்லிமீட்டர் டிஸ்க், நான்கு பிஸ்டன். கம்பெனியிலிருந்தே இப்படித்தான் வந்தது. இதற்கு மேல் என்ன பிரேக் வேண்டும் என்று கேட்பீர்கள். சென்னை பக்கம் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போகிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் விடியற்காலையில் புதுச்சேரியிலிருந்து கிளம்பி திண்டிவனம், சிங்கப்பெருமாள் கோயில், ஒரகடம் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். முதல் நான்கு சுற்று அருமையாகப் போனது. ஐந்தாவது சுற்றில் நேர்ப்பாதை முடிகிற இடத்தில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, வண்டி குறையவே இல்லை, மறுபடி மிதித்ததில் பாதி பிடித்தது, அதற்கும் மறுபடி மிதித்துத்தான் திருப்பத்துக்கு வெளியே மண்ணில் இறங்கி நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மாலை வீடு திரும்பும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் காலில் ஒரு நடுக்கம் இருந்தது.

மறுநாளே சென்னையில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். விவரம் எதுவும் கேட்காமல் இன்னும் பெரிய கேலிப்பர், இன்னும் பெரிய டிஸ்க் என்று பல லட்சத்துக்கு ஒரு கணக்கை அனுப்பினார்கள். பயத்தில் இருந்ததால் கட்டிவிடலாம் என்றே இருந்தேன். என் மைத்துனர்தான் தடுத்து, புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையம் பக்கம் பிரேக் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு சின்னப் பட்டறைக்கு அழைத்துப் போனார். லாரி ஏர் பிரேக்தான் அங்கே முக்கியமான தொழில். அங்கிருந்த பெரியவர் வண்டியைத் தொடுவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, பெடல் கல்லு மாதிரி இருந்து வண்டி நிக்கலையா, இல்ல பெடலே உள்ள போச்சா?"

இந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் தன் தாங்கும் சூட்டைத் தாண்டி வழுக்குகிறது என்று அர்த்தம். பெடலே உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்துவிட்டது என்று அர்த்தம். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும், அவ்வளவுதான். நாம் மிதிக்கிற மிதி முழுக்க அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும், பிஸ்டனுக்கு ஒன்றும் போய்ச் சேராது. எனக்கு நடந்தது இரண்டாவது. "கேலிப்பர் என்ன பண்ணும் பாவம், மொதல்ல ஆயிலப் பாருங்க" என்றார். திறந்து பார்த்தால் டீ நிறத்தில் இருந்தது. நான் வாங்கிய பிறகு ஒரு முறைகூட மாற்றவில்லை.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 1,800 கிலோ என்று வைத்துக்கொண்டால், 200 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வண்டிக்குள் இருக்கிற ஆற்றல் சுமார் 28 லட்சம் ஜூல். ஒன்பது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். 100 கிலோமீட்டர் வேகத்தில் இதில் கால் பங்குதான். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அத்தனையும் சில நொடிகளில், பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டில் மட்டும் இறங்கி, பேட் வழியாகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகிறது. அடுத்த திருப்பத்தில் மறுபடி.

சாதாரண டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் அதே ஆயில் 155 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்கிறது அதே விதி. இந்த ஆயிலுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. உப்புப் பாக்கெட்டைப் பிரித்து வைத்தாலே கசிந்து போகிற ஊர் நம் ஊர், வண்டி கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி நிற்கிறது, அப்புறம் கேட்கவா வேண்டும். அதனால் வாங்கும்போது டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கிற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 660க்குப் புதிதில் 325, ஈரம் ஏறினால் 204. காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப்புக்குப் புதிதில் 320, ஈரம் ஏறினால் 270. ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முன்னால் ஆயில் மாற்றுகிறவர்களுக்கு மோட்டுல் தாராளமாகப் போதும், விலையும் குறைவு. வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்றுவேன் என்கிற என் போன்றவர்களுக்கு, அதுவும் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு, அந்த இரண்டாவது எண்தான் உயிர். நான் எஸ்ஆர்எஃப் போட்டேன். டாட் 5 என்று எழுதியிருக்கும் சிலிக்கான் ஆயிலைத் தெரியாமல்கூட வாங்கிவிடாதீர்கள், டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) உள்ள வண்டிக்கு டாட் 5 ஆகாது.

ஏர் எடுத்த விதத்தையும், அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றியதையும் சொல்ல வேண்டும். இந்தக் கேலிப்பரில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு திருகு. கைக்கு எட்டுகிற வெளிப்பக்கத்தை மட்டும் திறந்து மூடிவிட்டால் பாதிப் பழைய ஆயில் உள்ளேயே தங்கிவிடும். பெரியவர் எட்டுத் திருகையும் திறந்து, கண்ணாடிக் குழாயில் தெளிவான ஆயில் வருகிற வரை பொறுமையாகச் செய்தார். என் மனதை ஜெயித்தது அதுதான்.

அடுத்து பேட். இங்கேதான் நான் அதிகம் குழம்பினேன். முழு ரேஸ் பேட் வாங்கினால் டிராக்கில் அசையாது, ஆனால் சூடேறாமல் பிடிக்காது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பி இந்திரா காந்தி சிலை சிக்னலில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தால் என்ன செய்வது? மாதம் முழுக்க ஊருக்குள் ஓட்டி, வருடத்துக்கு மூன்று முறை டிராக் போகிறவனுக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ரகம்தான் சரி. அதைத்தான் போட்டேன். மெதுவான வேகத்தில் லேசாகக் கீச்சென்கிறது, கறுப்புத் தூசி நிறைய விழுகிறது, கடற்காற்றில் அந்தத் தூசி துருப்பிடித்து வீலில் ஆரஞ்சுப் புள்ளியாக ஒட்டிக்கொள்கிறது. வாரம் ஒரு முறை கழுவினால் போகும். புதுப் பேட்டைப் பதப்படுத்துவதை விட்டுவிடாதீர்கள்: முழுதாக நிறுத்தாமல் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எட்டுப் பத்து முறை, அப்புறம் பிரேக் தொடாமல் ஆறவிட வேண்டும். ஈசிஆரில் மாடும் பள்ளிப் பிள்ளைகளும் குறுக்கே வருகிற இடத்தில் இதைச் செய்யாதீர்கள், டிராக்கின் முதல் சில சுற்றுகளில் செய்யுங்கள். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, டிஸ்க் கோணிவிட்டது என்று பலர் சொல்வது பெரும்பாலும் பேட் பூச்சு டிஸ்க்கில் சமமில்லாமல் ஒட்டியதுதான். சூடான பிரேக்கை மிதித்தபடி நின்றால் அப்படித்தான் ஒட்டும்.

முன் டிஸ்க்கில் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்ததால் துளை இல்லாத, வரிப்பள்ளம் மட்டும் உள்ளதாக மாற்றினோம். நடு அலுமினியத்தை வைத்துக்கொண்டு வெளி வளையத்தை மட்டும் மாற்ற முடிந்ததால் செலவு குறைந்தது. பிரேக் ஆயில் போகிற ஹோஸை எஃகு வலை போட்டதாக மாற்றினோம். பெடல் கொஞ்சம் கெட்டியானது, பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன்.

பெரிய கிட் ஏன் வேண்டாம் என்றேன் என்றால், பிஸ்டன் பரப்பு மாறினால் பெடல் போகிற தூரம் மாறும், முன்பக்கத்துக்கு மட்டும் போட்டால் முன்பின் பங்கீடு கெடும், ஏபிஎஸ் பழைய கணக்கிலேயே வேலை செய்யும். டிராக்கில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுகிறவர்களுக்கு பெரிய டிஸ்க்கின் கூடுதல் எடை சூட்டைத் தாங்கும், அவர்களுக்கு அது தேவைதான். ஒரே ஒரு முறை நிற்கிற தூரத்தைக் குறைக்க நினைத்து வாங்குகிறவர்கள் முதலில் டயரைப் பாருங்கள். ஏபிஎஸ் துடிக்கிறது என்றாலே பிரேக் டயரை வென்றுவிட்டது. டயர் ஓரத்தில் இருக்கிற நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் டயர்கள் ஆறு வயதைத் தாண்டியிருந்தன, அவற்றையும் மாற்றினேன்.

ஆகஸ்டில் அதே டிராக்குக்குப் போய் தொடர்ந்து ஒன்பது சுற்று ஓட்டினேன். பெடல் முதல் சுற்றில் இருந்த உயரத்திலேயே கடைசி வரை நின்றது. டயரை விட்டுப் பார்த்தால் மொத்தச் செலவு சென்னைக் கடையின் கணக்கில் கால் பங்குகூட இல்லை.

பட்டறைக்குப் போவதாக இருந்தால் பாகங்களை நீங்களே வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவர்கள் வரவழைத்துத் தர மாட்டார்கள். காலையிலேயே போய்விடுங்கள். ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும், பதினோரு மணிக்கு மேல் பெடல் மிதிக்கிற பையன் லாரி வேலைக்குப் போய்விடுவான்.