மழை விடுமுறையில் ஆன்லைன் வகுப்பு: சின்னப் பிள்ளைகளுக்கு எந்த வருகைப்பதிவு சரி?

வடகிழக்குப் பருவமழை வலுத்தால் பள்ளிகளுக்கு விடுமுறை. சில தனியார் பள்ளிகளோ அன்று காலையே ஆன்லைன் வகுப்புக்கான இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகின்றன. கூடவே 'வருகை கணக்கில் எடுக்கப்படும்' என்று ஒரு வரி. எல்கேஜி முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் இதை எப்படிக் கேட்பது என்பதில், கொரோனா காலத்திலிருந்தே மூன்று வழக்கங்கள் உள்ளன.

முதலாவது, நேரலையில் பெயர் கூப்பிடுவது. 'பிரசன்ட் மிஸ்' என்று குழந்தை சொன்னால்தான் வருகை. பள்ளிக்கு இது எளிது, பதிவேடும் சுத்தமாக இருக்கும். ஆனால் வடசென்னையின் காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போன அப்பாவின் கையில்தான் வீட்டின் ஒரே போன் இருக்கும். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு என்றால் ஒருவருக்கு ஆப்சென்ட் உறுதி. வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ தெருவில் தண்ணீர் நின்றால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் எடுக்கும் வருகை எந்த வீட்டில் சார்ஜ் இருக்கிறது என்பதைத்தான் காட்டும்.

ஆன்லைன் வகுப்புகளுக்காக 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட பிரக்யதா வழிகாட்டுதலைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மழலையர் வகுப்புக்கு நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது, அதுவும் பெற்றோரிடம் பேசி வழிகாட்டுவதற்கு என்றது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளே உச்சம். நாலு வயதுப் பிள்ளை திரை முன் உட்காருவது அம்மாவோ ஆயாவோ பக்கத்தில் இருப்பதைப் பொறுத்தது. பாரிமுனையில் வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளைக்கு அதற்காக ஆப்சென்ட் போடுவது அநியாயம்.

இரண்டாவது, அன்றைய வேலையை இரவுக்குள் அனுப்பினால் வருகை. அப்பா வீடு திரும்பிய பிறகு அனுப்பலாம் என்பதால் முதல் வழியைவிட எவ்வளவோ மேல். நோட்டுப் படம் கேட்டால் மட்டும் கையைப் பிடித்து எழுதவைப்பது நடக்கும். இரண்டு வரி வாசித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்வது மேலானது. குழந்தை எங்கே திணறுகிறது என்பது டீச்சருக்குக் குரலிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, வாரம் ஒரு முறை டீச்சரே போன் செய்து குழந்தையிடம் பேசுவது. பேசினால் அந்த வாரத்துக்கு வருகை. ஆசிரியர்களுக்குச் சுமை என்பார்கள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லும் விகிதம் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். ஐந்து நாளில் பிரித்தால் தினமும் ஆறு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம், ஆக அரை மணி நேரம். நேரலை வகுப்பு ஒன்றைக் குறைத்தாலே இந்த நேரம் கிடைத்துவிடும். பட்டன் போனே போதும், டேட்டா வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பிள்ளை கை நழுவுகிறது என்பது அந்த வாரமே தெரியும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று தொலைக்காட்சிக்குத் தெரியாது. கூப்பிட்டுப் பேச ஆள் இருந்த பிள்ளைக்குப் பள்ளி நினைவிலாவது இருந்தது.

'வேலை நாள் கணக்குக் காட்ட வேண்டாமா?' என்று நிர்வாகங்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது சட்டம். ஆனால் அது பள்ளி நடத்த வேண்டிய நாட்களின் கணக்கு. சிபிஎஸ்இயின் 75 விழுக்காடு விதியும் 10, 12 பொதுத்தேர்வு எழுதுவோருக்கானது. அதைக் காட்டி யுகேஜி பிள்ளையின் தாயை மிரட்டுவதில் அர்த்தமில்லை.

என் தேர்வு இது: எல்கேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை போன் அழைப்பு மட்டும். மூன்று முதல் ஐந்து வரை வாய்ஸ் மெசேஜோ நோட்டுப் படமோ, இரண்டு நாள் அவகாசத்தோடு; வராவிட்டால் ஆப்சென்ட் போடுமுன் ஓர் அழைப்பு. நேரலை வகுப்பு நடக்கட்டும், முடிந்தவர்கள் சேரட்டும், பெயர் கூப்பிட வேண்டாம். அக்டோபருக்கு முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்திலேயே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மழை கொட்டும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் வாதாடிப் பயனில்லை.