வெளிநாட்டு சைக்கிள் பயணத்துக்கு 'டூர் ரெடி' பேக்கேஜ் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

தனியாக வெளிநாட்டுக்கு சைக்கிளில் கிளம்ப ஏற்பாடு செய்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக முதல் முறை போகிறவர்களுக்கு. சைக்கிளை சர்வீஸ் செய்து, பெட்டியில் கட்டி, விசா, இன்சூரன்ஸ் எல்லாம் எடுத்து, விமான நிலையத்தில் கொண்டுவந்து கொடுக்கிறோம் என்று ஒரே தொகை சொல்லும் பேக்கேஜ்களை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். சென்னையில் ஒரு கடையில் நான் 46,000 ரூபாய் கட்டினேன். அதில் சொன்னபடி நடந்த வேலை என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை.

நான் திருச்சி. என் சைக்கிள் ஸ்டீல் ஃபிரேம் போட்ட டூரிங் வண்டி, டிஸ்க் பிரேக், பத்து கியர் கேசட் (பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கு). வியட்நாமில் ஹனோயில் தொடங்கி நின் பின், ஃபோங் ஞா, கே சான், ஹூயே, ஹாய் வான் கணவாய் என்று தெற்கே ஹோ சி மின் நகரம் வரை போவது திட்டம். கடைக்காரர் பேசியது நன்றாக நினைவிருக்கிறது. "மேடம், நீங்க எதையும் தொட வேண்டாம். பாஸ்போர்ட்டோட ஏர்போர்ட் வந்தா போதும், பெட்டி அங்க இருக்கும்." பெண் தனியாகப் போகிறாள் என்றதும் இந்தப் பேச்சில் கூடுதலாக ஒரு அக்கறை வேறு கலந்திருந்தது.

முதலில் விசா. வியட்நாம் இ-விசாவை நாமே அரசு இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். 2023 ஆகஸ்ட்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர், அவ்வளவுதான் கட்டணம். கடைக்காரரின் 'தெரிந்த ஏஜென்ட்' ஒருமுறை நுழையும் விசாவுக்கு வாங்கியது 9,500 ரூபாய். பணத்தை விடுங்கள், பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டார். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் இதில் கவனமாக இருக்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவர் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், இன்னொருவருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும், வேறொருவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருக்கும். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. ஏஜென்ட் அதை வெறும் இனிஷியலாகச் சுருக்கிவிட்டார். விசாவில் இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு வரும் இரண்டு வரிகளில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் செக்-இன் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடலாம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு விசா கைக்கு வந்தபோது இதைக் கவனித்தேன். "அதெல்லாம் பாக்க மாட்டாங்க மேடம்" என்றார் ஏஜென்ட். அந்தப் பேச்சை நம்பி விமானம் ஏற என்னால் முடியாது. முகவரி ஜிஓவி டாட் விஎன் என்று முடியும் அரசுத் தளத்தில் நானே திரும்ப விண்ணப்பித்து, இன்னொரு 25 டாலர் கட்டினேன். சில நாளில் சரியான பெயரோடு வந்துவிட்டது. முதலில் கட்டியது போனது போனதுதான், அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்.

அடுத்தது விமான நிலையம். சைக்கிள் பெட்டி 23 கிலோவைத் தாண்டாது என்று கடையில் எழுதியே கொடுத்திருந்தார்கள். தராசில் 29 கிலோ காட்டியது. நான் கேட்காமலே ஒரு பெரிய இரும்புப் பூட்டையும், ஒரு 'டூர் கிட்' பையையும் உள்ளே போட்டிருந்தார்கள். கூடுதல் எடைக்கு நான் பணம் கட்டினேன். அது முடிவதற்குள் பாதுகாப்பு சோதனையிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த கிட்டுக்குள் ஒரு பவர் பேங்க். பவர் பேங்க்கையும், தனியாக இருக்கும் எந்த லித்தியம் பேட்டரியையும் செக்-இன் சாமானில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கும் கடைக்கு இது தெரியாதா? டேப்பை அறுத்து, பெட்டியைத் திறந்து, பவர் பேங்க்கை எடுத்துப் போட்டுவிட்டு, அவர்களே மேலோட்டமாக ஒட்டித் தந்தார்கள். பெட்டியைக் கொண்டுவந்த கடைப் பையன் அதற்கு முன்பே போய்விட்டான்.

கவுன்ட்டரில் பெட்டிக்கு ஒரு சிறிய டேக் கட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். 'லிமிட்டெட் ரிலீஸ் டேக்' என்பார்கள். எளிதில் சேதமாகும் பொருள், கட்டு போதுமானதாக இல்லை என்பது போன்ற காரணங்களில் ஒன்றைக் குறித்து, அதனால் வரும் சேதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பில்லை என்று நம்மிடம் எழுதி வாங்குவது. சைக்கிளுக்குப் பெரும்பாலும் இதைக் கேட்பார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பெட்டி ஏறாது. இந்த டேக் பின்னால் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்கிறேன்.

ஹனோயில் விடுதி அறையில் பெட்டியைத் திறந்தேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் உள்பக்கமாக நெருங்கியிருந்தன. சக்கரத்தைக் கழற்றினால் அந்த இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு வைக்க வேண்டும். புது சைக்கிள் வரும் பெட்டிகளில் பெரும்பாலும் அது இருக்கும், எந்தக் கடையிலும் குப்பையாகக் கிடக்கும் பொருள். அதை வைக்கவில்லை. என் ஃபோர்க்கில் 100 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், சக்கரம் நுழையவே இல்லை. டிஸ்க் ரோட்டரை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டைக் கழற்றாமல் சக்கரத்தை அப்படியே சாய்த்து வைத்ததால் ரோட்டர் வளைந்திருந்தது. கியர் மாற்றும் பின்பக்க டிரெய்லியரையும் கழற்றி உள்ளே கட்டவில்லை. அது மாட்டியிருக்கும் ஹேங்கர் உள்பக்கம் திரும்பிவிட்டது. கேரியர் போல்ட்டுகளில் இரண்டைக் காணோம்.

விடுதியில் விசாரித்து ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். ஃபோனில் மொழிபெயர்த்துப் பேசிக்கொண்டோம். ஸ்டீல் ஃபோர்க் என்பதால் மெதுவாக விரித்துச் சரிசெய்தார். அலுமினியமாக இருந்திருந்தால் அப்படி விரிக்கக் கூடாது, புது ஃபோர்க்குத்தான். ஹேங்கரையும் ரோட்டரையும் பெண்டு எடுத்தார். அப்புறம் நான் கேட்காமலே செயினில் அளவுகோலை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டி, எனக்குக் காட்டினார். செயின் தேய்ந்து நீண்டு போயிருந்தது. கேசட்டின் நடுப்பற்கள் கூர்மையாகியிருந்தன.

பில்லில் புது செயின், புது கேசட், புது பிரேக் பேட் என்று மூன்று வரி இருக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து 8,200 ரூபாய். எதையுமே மாற்றவில்லை. மாற்றியதற்கு ஆதாரமாக வாட்ஸ்அப்பில் படம்கூட அனுப்பியிருந்தார்கள், பளபளவென்று புது செயின், புது கேசட். ஹனோயில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் தெரியும் ஃபிரேம் கறுப்பு. என் வண்டி பச்சை.

டயரிலும் ஏமாற்றினார்கள். ஷ்வால்பே மாரத்தான் டயர் இரண்டு நானே வாங்கிக் கொடுத்து, மாட்டித் தரச் சொல்லியிருந்தேன். பஞ்சரைத் தடுக்க உள்ளே தடித்த ரப்பர் அடுக்கு இருக்கும், பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டை ஓடும். நீண்ட பயணம் போகிறவர்கள் பலர் அதை நம்பித்தான் போகிறார்கள். பபிள் கவரைப் பிரித்தால் ரிம்மில் இருந்தவை வேறு டயர்கள். பட்டை இல்லை, விரலால் அழுத்தினாலே பக்கம் உள்ளே போகிறது. சேதத்தைக்கூட அலட்சியம் என்று சொல்லலாம். செயினுக்கும் டயருக்கும் அந்தச் சொல் போதாது. பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் இவள் கடல் தாண்டிப் போயிருப்பாள் என்று கணக்குப் போட்டுச் செய்தது இது.

செயினும் கேசட்டும் ஹனோயிலேயே வாங்கி மாற்றினேன். என் அளவில் நல்ல டயர் கிடைக்கவில்லை, கிடைத்ததை மாட்டினேன். இதனால் எனக்குப் போனது பணம் மட்டும் இல்லை. ஃபோங் ஞாவிலிருந்து கே சான் வரை ஹோ சி மின் சாலையின் மேற்குக் கிளை ஒன்று லாவோஸ் எல்லையை ஒட்டிப் போகிறது. 200 கிலோமீட்டருக்கு மேல் காடும் மலையும், கடைகள் மிகக் குறைவு. அந்தச் சாலைக்காகவே வியட்நாமைத் தேர்ந்தெடுத்தேன். பெண்டு எடுத்த ஃபோர்க்கையும் நம்பிக்கையில்லாத டயரையும் வைத்துக்கொண்டு அங்கே தனியாகப் போவது சரியில்லை என்று முடிவு செய்து, கடற்கரைப் பக்கமாக லாரிகள் ஓடும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் போனேன். ஹாய் வான் கணவாய் அழகுதான். ஆனால் அந்த மேற்குச் சாலை எனக்குக் கிடைக்காமல் போனதற்கு அந்தக் கடைதான் காரணம். அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

இனி யார் என்ன பதில் சொன்னார்கள் என்று பார்ப்போம். கடை: "பெட்டிய ஏர்லைன்ஸ்தான் தூக்கிப் போட்டிருப்பாங்க, அவங்களக் கேளுங்க." சர்வதேச விமானப் பயணத்தில் சாமான் சேதமானால், மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி கைக்குக் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தந்தேன். இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு, 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் 2,000 டாலர். விமான நிறுவனம் எழுதிய பதில் இரண்டே வரி: கட்டு போதுமானதாக இல்லை, டேக்கில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. ஃபோர்க்கில் அடைப்பு இல்லை, ரோட்டரைக் கழற்றவில்லை என்று பார்க்கும்போது அந்தப் பதிலை என்னால் முழுதாக மறுக்கவும் முடியவில்லை. மோசமாகக் கட்டியவனின் குற்றம் அந்த டேக் வழியாக என் தலையில் வந்து விழுந்தது. இன்சூரன்ஸ்? "சைக்கிளும் கவர் ஆகும்" என்று வாயால் சொன்னார்கள். பாலிசியைப் படித்தால், செக்-இன் சாமான் முழுதாகத் தொலைந்தால்தான் பணம். உடைந்தால் கிடையாது.

அதனால் நீங்கள் கிளம்புமுன் சில விஷயங்களைப் பிடிவாதமாகக் கேளுங்கள். பில்லில் ஒவ்வொரு வேலைக்கும் தனி வரி, தனி விலை வேண்டும். மாற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்குங்கள். பழையது இல்லையென்றால் புதியதும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஃபிரேம் தெரியும்படி, முடிந்தால் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணும் தெரியும்படி படம் எடுங்கள். சர்வீஸ் முடிந்ததும் பை மாட்டி, சுமை வைத்து ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்த பிறகே பெட்டியில் போகட்டும். பெட்டி கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், டேப் ஒட்டுவதற்கு முன் உள்ளே இருப்பதை வீடியோ எடுங்கள். "எங்க பசங்க பாத்துப்பாங்க" என்றால் வேறு கடைக்குப் போங்கள். உண்மையில் பெட்டி கட்டுவது நாமே செய்யக்கூடிய வேலை. புது வண்டி வரும் அட்டைப்பெட்டியை எந்தக் கடையிலும் கேட்டு வாங்கலாம். இடதுபக்க பெடல் மட்டும் எதிர்த்திசையில் கழலும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஆலன் கீ (எல் வடிவ ஆறுமுகச் சாவி) வேலைதான். அங்கே இறங்கித் திரும்ப மாட்டவும் அதே கைப்பழக்கம் வேண்டுமே.

விலையுயர்ந்த வண்டி என்றால் இன்னொன்று. கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிவையுங்கள். திரும்பி வரும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்விக்கு அது பதில்.

கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். 5,000 ரூபாய் தருகிறோம், இதை எங்கும் எழுதாதீர்கள் என்று ஃபோன் வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டும் வழி கேட்கலாம். திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் என் மனு போயிருக்கிறது. பில், வாட்ஸ்அப் படம், ஹனோய் ரசீது எல்லாம் இணைத்திருக்கிறேன். வழக்கு நடப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

அதே போன்ற பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டு இன்னும் கிளம்பாமல் இருப்பவர்கள், இன்றைக்கே செயினை அளந்துவிடுங்கள். அடிஸ்கேல் போதும். செயினின் ஒரு பின்னின் மையத்தில் பூஜ்யத்தை வைத்தால், 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் மையம் சரியாக நிற்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் அது தேய்ந்த செயின். பில்லில் புதியது என்று இருந்தால், அளக்கும்போதே படம் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போங்கள்.